சிமெண்ட் தரையா, தார்த் தரையா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் போனுக்கு நீ அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். உன் காரின் வலது முன்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் பின்புற புஷ்ஷில் ரப்பர் கிழிந்து இரும்பு வளையத்தை விட்டே விலகிக் கிடக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று சத்தம், பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொன்னாயாம். இரண்டுக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். புஷ் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், ஆர்மையே மாற்று. பழைய புஷ்ஷைத் தள்ளி எடுக்க பிரஸ் வேண்டும். கனடாவில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் கொட்டும் உப்பு தின்ற இரும்பில் சுத்தியலை வைத்துக்கொண்டு போராடாதே. புது ஆர்ம் புஷ்ஷோடு சேர்ந்தே வரும். இடது பக்கத்துக்கும் ஒன்று வாங்கிவிடு. 2010ஆம் ஆண்டு கரோலா, இரண்டு பக்கமும் ஒரே உப்பில்தான் ஓடியிருக்கிறது.

இதை நீ என்னிடமே கேட்டிருக்கலாம். முப்பது வருடம் பணிமனையில் இதே வேலையைப் பார்த்தவன் வீட்டில் இருக்கும்போது அம்மா வழியாகக் கேட்பானேன்? சரி, அது போகட்டும்.

படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வண்டி நிற்பது தார்த் தரை. பக்கத்தில் மஞ்சள் கோடும் ஓர் எண்ணும் தெரிகின்றன. உங்கள் வீட்டு ஷெட் சிமெண்ட் தரை ஆயிற்றே. நாங்கள் வந்திருந்தபோது அதிலிருந்த எண்ணெய்க் கறையை நானும் பாப்பாவும்தான் தேய்த்துக் கழுவினோம். ஜூலை வெயிலில் தார் இளகும். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். ஒரு கால் மட்டும் இறங்கினாலும் வண்டி சாய்ந்துவிடும். ஷெட்டுக்குள் வைத்துச் செய்ய முடிந்தால் அங்கேயே செய். முடியாதென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் முக்கால் அங்குல பிளைவுட் பலகை போடு. ஜாக்கிக்கு அடியிலும் போடு. வெயில் ஏறும் முன்னே, காலையிலேயே ஆரம்பித்துவிடு.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதே. சீல் போன ஜாக்கி பஸ்ஸோடு இறங்கியதை நேரில் பார்த்தவன் நான். அது சத்தம் போட்டு எச்சரித்துவிட்டு இறங்காது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை, ஹேண்ட் பிரேக் போடு. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள். முன்பக்கம் இரண்டையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்து. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு நின்று, அதன் லிங்க்கைக் கழற்ற விடாது. ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு வண்டியை இடுப்பால் நன்றாகத் தள்ளிப் பார். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வை. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவை.

தனியாகச் செய்யாதே. வண்டி தூக்கி நிற்கும் நேரம் முழுக்கக் கூட ஒருவர் இருக்க வேண்டும். மருமகள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலே போதும். அவளுக்கு வேலை இருந்தால் நண்பர்கள் யாரையாவது கூப்பிடு. கூப்பிட ஆள் இல்லையென்றால், இருக்கிற நாள் வரை வேலையைத் தள்ளிப்போடு. சத்தத்தோடு மெதுவாக ஓட்டலாம், வேகச் சாலைக்கு மட்டும் எடுத்துப் போகாதே.

கரோலாவில் ஒரு வசதி உண்டு. ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயிண்ட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து அடித்துப் பிரிக்க வேண்டியதில்லை. அதை ஆர்மோடு பிடித்திருக்கும் ஒரு போல்ட்டையும் இரண்டு நட்டையும் எடுத்தால் ஆர்ம் கீழே இறங்கிவிடும். முந்தின இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடு. இடது பக்கம் முன் போல்ட் முழுதாக வெளியே வர இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள். கியர்பாக்ஸ் குறுக்கே நின்றால் எஞ்சினைத் தாங்கி நிறுத்திவிட்டுத்தான் மேற்கொண்டு போக முடியும். அப்படியென்றால் நீ தனியே அதில் இறங்காதே. ஆர்மைக் கழற்றியதும் நக்கிளை வெளிப்பக்கம் இழுக்காதே, ஆக்சில் உருவிக்கொள்ளும்.

நல்ல மெக்கானிக்குகளே தவறும் இடம் ஒன்று இருக்கிறது. புது ஆர்மை மாட்டி, உள்பக்க போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி விடு. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் புஷ்ஷின் உள்வளையம் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியை இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு நீங்காமலே ஓடி, சீக்கிரமே கிழிந்துபோகும். ஆகவே நக்கிளுக்கு அடியில் ஜாக்கி வைத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, அதன் பிறகே, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கு. ஆர்ம் போல்ட்டுகளுக்கு உன் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவைப் பார். வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர். ஒன்றுக்கு எதிரே உள்ளதை மாற்றி மாற்றி இறுக்கு; நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார். பிறகு வீல் அலைன்மெண்ட் கட்டாயம். அதற்கு மட்டும் கடைக்குப் போ, பணம் பார்க்காதே. பணம் தேவையென்றால் சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

எட்டு வயதில் எனக்கு விளக்குப் பிடித்தவன் நீ. பன்னிரண்டு ஸ்பேனரையும் பதின்மூன்றையும் பார்க்காமலே விரலால் தடவிச் சொல்வாய். பணிமனையில் என் மகன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உனக்கு இந்த வேலை வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை போன் ஒழுங்காக வரவில்லை. வந்த ஒரு நாளும் பாப்பா தூங்குகிறாள் என்றாய். அங்கே அப்போது காலை பத்து மணி. அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே பொள்ளாச்சியில் மழை பரவாயில்லை. கிணற்றடித் தென்னையில் குரும்பை உதிர்கிறது. அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா ஆவணிக்குத் தள்ளிப்போய்விட்டது.

ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதே. பலகை போட மறந்துவிடாதே.

உன்னிடம் டார்க் ரெஞ்ச் இருக்காது என்று நினைக்கிறேன். என்னுடையதைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அதில் கிலோகிராம்-மீட்டர் கணக்கு. ஒன்றுக்கு ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள், வீல் நட்டுக்குப் பத்தரை வரும். சின்ன மாமா மகன் அடுத்த வாரம் டொராண்டோ வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அது வரும்வரை வேலையைத் தொடங்காதே. பிராம்ப்டன் வீட்டு முகவரி என்னிடம் இருக்கிறது. அவனை அங்கேயே வந்து கொடுக்கச் சொல்லட்டுமா, வேறு முகவரி தருகிறாயா? எதுவானாலும் எனக்கே எழுது.

அன்புடன்,
அப்பா