மூவலூர் அம்மாவைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொல்லத் தொடங்கினால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"புதுமைப் பெண் காசு ஆயிரம் ஏறிடுச்சும்மா" என்று போன வாரம் சொன்னாய். உன் காலேஜ் படிப்புக்கு அரசு மாதாமாதம் பணம் தருகிற அந்தத் திட்டத்தின் முழுப் பெயரில் இருக்கிற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார் என்று உன் தோழி கேட்டாளாம். "பழைய கட்சிக்காரங்க யாராச்சும் இருப்பாங்க" என்றாயாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை பாப்பா. மூவலூர் நம் மாயவரத்துக்குப் பக்கத்து ஊர். உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்புதான்.

அவர் பிறந்தது 1883. அப்பா வறுமை தாங்காமல் ஊரைவிட்டுப் போய்விட, பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் பெண்ணை ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் கதையை எழுதியிருக்கிறார்கள். அஞ்சு வயதுப் பிள்ளை! அந்தக் காலத்தில் பொட்டுக்கட்டுவது என்று ஒன்று இருந்தது. சாமிக்குக் கட்டிவைத்ததாகப் பேர். பிறகு அந்தப் பெண்ணின் வாழ்க்கை பணம் படைத்த பெரிய மனிதர்கள் கையில். இவரோ பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்புவைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

தப்பித்தோம் பிழைத்தோம் என்று அவர் வீட்டோடு இருக்கவில்லை. முதலில் காங்கிரஸில் இருந்து, பிறகு பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். பொட்டுக்கட்டுவதை ஒழிக்கவேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் பேசிய அதே விஷயத்தை, இந்த அம்மா அந்தப் பெண்களிடமே நேரில் பேசினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று ஒரு நாவலும் எழுதினார். உள்ளேயே வளர்ந்தவர் எழுதியது என்பதால் எனக்கு அது பெரிது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. அதைக் கண்ணால் பார்க்கும்வரை அவர் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

இந்தி எதிர்ப்புக்காக 1938இல் திருச்சியிலிருந்து சென்னைவரை 42 நாள் நடந்த படையிலும் அவர் இருந்தார். அப்போது வயது ஐம்பத்தைந்து. அந்த நவம்பரில் மறியல் செய்து சிறைக்கும் போனார்.

இப்போது உன் சித்தி கதைக்கு வருகிறேன். 2012இல் அவள் கல்யாணத்துக்கு வந்த 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் இதே அம்மா பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தில் கிடைத்ததுதான். நான்தான் கூடப் போனேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய தங்கக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். எனக்குச் சந்தோஷம், அவளுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். படி இறங்கும்போது, "இந்தப் பணத்தைப் படிக்கக் கொடுத்திருந்தா நர்சிங் சேர்ந்திருப்பேன்க்கா" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

2022இல் அந்தத் திட்டத்தைத்தான் அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு என்று மாற்றினார்கள். திருமண உதவியைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ வீட்டில் அது மானம் காத்தது. ஆனாலும் அந்த அம்மா பெயர் இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சித்திக்குக் கிடைக்காதது உனக்கு மாதாமாதம் வருகிறது.

அடுத்த மாதக் காசில் அந்த நாவலை ஒன்று வாங்கிக்கொண்டு வா. பொங்கலுக்குச் சித்தியும் வருகிறாள். நீ வாசி, நாங்கள் இரண்டு பேரும் கேட்கிறோம்.

உன் அம்மா