எங்கள் பைகளுக்குப் பின்னால் இருக்கும் கைகளுக்கு

அன்புள்ள ஈரோட்டு உறவுகளுக்கு வணக்கம்.

உழவர் சந்தையில் தையல் கூட்டத்துப் பெண்களாகிய நாங்கள் தைத்துக் கொடுத்த துணிப்பைகளையும், அரசு மருத்துவமனையில் பிரசவமான தாய்மார்களுக்குக் கொடுத்த ஒட்டுத்துணிப் போர்வைகளையும் பார்த்துவிட்டு நிறையப் பேர் பாராட்டினீர்கள். மனசு நிறைந்தது. ஆனால் அந்தப் பாராட்டு முழுவதும் மிஷினில் உட்கார்ந்த எங்கள் ஏழெட்டுப் பேருக்கே வந்து சேர்ந்தது. அது நியாயமில்லை. ஒரு பைக்கு மிஷின் ஓடுவது கொஞ்ச நேரம்தான். துணி சேர்ப்பது, அலசிக் காயவைப்பது, பழைய தையலைப் பிரிப்பது, இஸ்திரி போடுவது, அளந்து வெட்டுவது என்று மீதி வேலை அத்தனையும் வேறு கைகள் செய்தவை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் துணி தந்தவர்கள். கனி மார்க்கெட் வாரச்சந்தை முடிந்ததும் மிஞ்சுகிற துண்டுத் துணிகளை எங்களுக்கென்று தனியாக மூட்டை கட்டி வைத்த ஜவுளிக்கடை அண்ணன்களுக்கு நன்றி. நெசவில் இழை விட்டதால் விலைபோகாத சென்னிமலைப் பெட்ஷீட்டுகளைக் கொடுத்தனுப்பிய தறிக்கார ஐயாவுக்கும் நன்றி. அந்தத் துணியின் கெட்டித்தனம் வேறு எதற்கும் வராது. ஐந்து கிலோ தக்காளிக்கு மேல் ஒரு பூசணிக்காயையும் வைத்துத் தூக்கலாம். திருப்பூரிலிருந்து பனியன் வெட்டுத்துணி கொண்டுவந்து இறக்கிய தம்பியை மறக்க முடியாது. பனியன் துணி இழுத்தால் நீளும், பைக்கு ஆகாது. அதனால் அதைப் போர்வைக்குள் நடு அடுக்காக வைத்தோம். பஞ்சு வைத்தால் நாலு துவையலில் ஒரு மூலையில் திரண்டுவிடும். பனியன் துணி அப்படியே விரித்த மாதிரி கிடக்கிறது, குழந்தையின் உடம்புக்கு மெத்தென்றும் இருக்கிறது.

துணி வந்ததும் நேரே மிஷினுக்குப் போய்விடாது. காடாத் துணி முதல் துவையலில் சுருங்கும், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். துவைக்காமல் தைத்தால் பை கோணிக்கொள்ளும், பக்கத்துத் துணியிலும் கறை ஏறும். ஆகவே ஒவ்வொரு மூட்டையையும் நிறம் பிரித்து ஊறவைத்து அலசி, தங்கள் மொட்டை மாடிகளில் காயப்போட்டுக் கொடுத்தார்கள் எங்கள் தெருப் பெண்கள். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நாட்களிலும் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. ஆனால் அவர்கள் இல்லாமல் ஒரு பையும் இல்லை.

கடை நடத்தி ஓய்வுபெற்ற டெய்லர் மாமாவிடம்தான் வெட்டுவதைக் கற்றோம். பை கிழிவது பெரும்பாலும் துணியால் இல்லை, கைப்பிடி சேரும் இடத்தால்தான் என்று முதல் நாளே புரியவைத்தார். கைப்பிடியைப் பையின் வாய் மடிப்பான வாய்ப்பட்டிக்குள் ஆழமாகச் செருகி, சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போட வேண்டும். ஓரங்களை உள்மடித்து இரண்டு முறை தைக்க வேண்டும், அப்போதுதான் பிசிறு வராது. பெட்ஷீட் துணிக்குப் பதினாறாம் நம்பர் ஊசி, நைந்த சேலைக்கு மெல்லிய ஊசி. இதையெல்லாம் சலிக்காமல் சொல்லித் தந்தார். கோணலாய்ப் போன தையலைப் பிரித்து மறுபடியும் எங்கள் கையிலேயே கொடுப்பாரே தவிர, ஒருநாளும் தானே தைத்து முடித்துக் கொடுத்ததில்லை. மாமா, இன்று எங்களுக்கு வேலை தெரிகிறதென்றால் அதனால்தானுங்க.

போர்வைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கள் அம்மிச்சி, அதாவது பாட்டி, காலமான பிறகு, அவர் கட்டிய நூல் சேலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு குடும்பம் எங்களிடம் கொண்டுவந்தது. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்த சேலைகள். வெட்டக் கத்தரியை வைக்கவே எங்களுக்குக் கை வரவில்லை. அந்த வீட்டு மருமகள்தான் முதல் வெட்டை வெட்டிக் கொடுத்தார். அவற்றில் வந்த போர்வைகளில் ஒன்று அவர்கள் வீட்டுக் கொள்ளுப்பேரனுக்குப் போனது, மற்றவை யார் யார் வீட்டுத் தொட்டிலுக்கோ போயின. அப்படித்தான் போக வேண்டும் என்று அந்தக் குடும்பமே கேட்டுக்கொண்டது. அந்தப் பெருந்தன்மைக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போர்வையின் மேல், நடு, கீழ் என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது மிஷினில் சுருக்கம் விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு வழி காட்டியவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கும் வங்காளத்து அக்கா. அவர் கணவருக்கு இங்கே தறிப்பட்டறையில் வேலை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, கையால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்னும் போர்வை தைப்பது வழக்கம். தைக்கிற நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். அவருக்குத் தமிழ் அப்போது சரியாக வராது, எங்களுக்கு வங்காளி சுத்தமாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். முதலில் அடுக்குகளை நீவி, நீளமாக நூலோட்டி நிறுத்திவிட்டு, அப்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும். இப்போது எங்கள் போர்வைகளில் பாதி கைத்தையல்தான். மிஷினை விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மகப்பேறு வார்டு செவிலியர்களுக்கும் நன்றி. பட்டன், மணி, லேஸ் எதுவும் வேண்டாம், வெந்நீரில் துவைத்தாலும் தாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். குழந்தையின் வாய்க்குள் போகக்கூடிய எதையும் அதற்குப் பிறகு நாங்கள் வைப்பதில்லை.

சந்தையில் காய்கறி விற்கும் அக்காமார்களைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. 2021 டிசம்பரில், துணிப்பையைத் திரும்பப் பழக்கத்துக்குக் கொண்டுவர அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. சட்டம் வந்தது சரி, கையில் பை இல்லாமல் வருபவரிடம் ஒவ்வொரு நாளும் எடுத்துச் சொல்வது யார்? இவர்கள்தான். துணிபோலத் தெரிகிற நான்-ஓவன் பையும் பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்தான் என்று இன்று சந்தையில் விளக்குவதும் இவர்கள்தான். எங்கள் பைகளைக் கடையில் தொங்கவிட்டு, வாங்கிப் போனவர் திருப்பித் தந்ததும் துவைத்து மறுபடி தொங்கவிடுகிறார்கள். அந்தத் துவையல் கூலியையும் அவர்கள் கேட்டதில்லை.

தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை எங்களிடமே தைக்கச் சொல்லி, பெயர் அச்சடிக்காமல் வெறும் மஞ்சள் துணியாகவே போதும் என்ற பெற்றோருக்கும் நன்றி. பெயர் இல்லாததால் அந்தப் பைகள் இன்றும் மளிகைக் கடைக்குப் போய்வருகின்றன. அந்த வருமானத்தில்தான் பழைய கால் மிஷின் இரண்டுக்கும் மோட்டார் மாட்டினோம். மாட்டித் தந்த மெக்கானிக் தம்பி கூலி வாங்கவில்லை. வாசல் திண்ணையையும் மின்சாரத்தையும் கொடுத்த வீட்டுக்காரப் பெரியம்மா, சாயங்காலம் தவறாமல் டீ அனுப்பிய கடைக்காரர், மூட்டை ஏற்றிய ஆட்டோ அண்ணன் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு உட்காரும் விரிப்பு தைக்கப் போகிறோம். தடித்த பழைய போர்வை, கிழிந்த ஜமக்காளம் இருந்தால் கொடுத்து உதவுங்கள். முன்பு வாங்கிய பைகளில் கைப்பிடி விட்டுப்போயிருந்தால் தூக்கி எறியாமல் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறோம்.

நன்றியுடன்,
தையல் கூட்டத்துப் பெண்கள் சார்பில்,
ஈரோடு