பார் வைத்த சைக்கிளைத் தைத்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்பானவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெரு அம்மாக்கள் சைக்கிள் பழகிய கதையைப் படமாகத் தைக்க எடுத்த எட்டு முழத் துணி ஒருவழியாகத் தைத்து முடிந்தது. நேற்று சாயங்காலம் கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தவர் என் அம்மா.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது, எழுதப் படிக்கக் கற்ற கையோடு சைக்கிளும் ஓட்டப் பழகியவர்கள் இந்த அம்மாக்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிளை இயக்கத்தோடு சேர்த்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். அன்றைக்கு முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அந்த நாளின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அதனால்தான் துணியில் தைத்து வைக்க ஆசைப்பட்டோம்.

வெட்டுத்துணியை மூட்டையாகக் கொடுத்து, காசு வாங்க மறுத்த தையல்கடை அண்ணனுக்கு முதல் நன்றி. அப்புறம், படம் வரைந்து தந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு. அவர்கள் போனில் பார்த்து வரைந்தது லேடீஸ் சைக்கிள். பாதி தைத்த பிறகு பெரியம்மா ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“இதுல பாரைக் காணோமே, எம்புள்ளைய எங்க உக்கார வச்சேன்?”

அந்தச் சமயத்தில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பழகினார்கள். பிள்ளையை முன்னால் பாரில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் பிறகு அதையே விரும்பினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் அத்தனை தையலையும் பிரித்துக் கொடுத்தார்கள். பெரியம்மா தன் பழைய நீல வாயில் சேலையின் கரையைக் கிழித்து, சங்கிலித் தையலில் பாரைத் தானே தைத்தார். நாங்கள் புத்தகமாக எழுதியிருந்தால் இந்தப் பார் விடுபட்டுப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கல் குவாரியில் கூலிக்கு உடைத்துவிட்டு, பிறகு பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்த அக்காக்களுக்கும் நன்றி. துணியில் நீங்கள் தைத்த பகுதியில் ஒரு கல்கூட இன்னொரு கல்லைப் போல இல்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தே மூன்று மாதம் கூட இருந்த பேத்திகளே, உங்களுக்கும்.

துணி இப்போது எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் தொங்குகிறது. எல்லோரும் வாருங்கள், தொட்டுப் பாருங்கள். மணியின் மேல் மட்டும் ஜிகினா தைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.