தேயிலைத்தூளில் பெற்றோல் வாடை

தலவாக்கலை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் கதையை அவளே போனில் சொல்லுவாள், அதை நான் எழுதினால் கோபம் வரும்.

நேற்று நீ பேசும்போது, "அப்பா, அம்மா கட்டித்தந்த தூள்ல தேத்தண்ணி ஊத்தினா பெற்றோல் மணக்குது" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழு வருசம் கொழுந்து லொறி ஓட்டியவன் நான். டீசல் பட்ட கையோடு ஸ்டோரில், அதுதான் தேயிலை ஃபெக்டரியில், தூள் சலிக்கும் பக்கம் போனால் அங்கே பொறுப்பாக இருக்கும் டீ மேக்கர் வாசலிலேயே மறித்து விரட்டுவார். சென்ட் பூசி வந்தவனுக்கும் அதே கதிதான். எந்த வாடையையும் தூள் அப்படி இழுக்கும். கொஞ்ச நேரத்தில் உங்கள் மூக்குக்கு வாடை பழகிவிட்டது, தூளுக்குப் பழகவில்லை. நீங்கள் இங்கே வந்துவிட்டு வத்தளைக்குத் திரும்பியபோது கார் டிக்கியில் ஐந்து மணித்தியாலம் கிடந்த பொட்டலமே இப்படி என்றால், பின் சீட்டில் இருந்த சின்னவள் எதை மூச்சாக இழுத்துக்கொண்டு போனாள்? கினிகத்தேனைக்குக் கீழே அவள் வாந்தி எடுத்ததற்கு வளைவுகளைக் குற்றம் சொன்னோம். எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிழை என்மேலும் உண்டு. அன்று ஹட்டன் வரை உங்களோடு வந்தேன் அல்லவா? வழியில் பெற்றோல் ஷெட்டில் "ஃபுல் பண்ணுங்க தம்பி" என்று சொன்னது நான்தான். 'டக்' என்று பம்ப் தானாக நின்றது. கணக்கை முழு ஆயிரமாக்க அந்தத் தம்பி இன்னும் இரண்டு தடவை அமுக்கினார். மூடி வாயில் பெற்றோல் தளும்பி, காரின் பக்கவாட்டில் ஒரு கோடாக வழிந்ததைப் பார்த்துக்கொண்டுதான் காசைக் கொடுத்தேன்.

அந்த 'டக்' சத்தத்தோடு நிறுத்த வேண்டும், மகள். டேங்கில் மேலே மிஞ்சும் இடம் சும்மா விட்ட இடமில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் பெற்றோல் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு பெருக்கும். இங்கே விடியற்காலைக் குளிரில் 35 லீட்டரை வாய்வரை அடித்துவிட்டு வத்தளை வெயிலில் நிறுத்தினால், அரை லீட்டருக்குக் கிட்ட எங்கேயாவது போக இடம் தேடும். டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரி டப்பா இருக்கிறது, கராஜில் கனிஸ்டர் என்பார்கள். என்ஜின் ஓடும்போது அதிலிருந்து ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். ஆவிக்காக வைத்த கரியில் பெற்றோலே போய் ஊறினால் அது கெட்டுப்போகும், பிறகு வாடை காருக்குள் வரும். கீழே நிரப்பிக்கொண்டு மேலே ஏறி வந்தாலும் ஆவி கூடத்தான் செய்யும், காற்றழுத்தம் குறைகிறதே. இங்கே வந்து மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்பது அதுதான்.

எண்ணெய் அடித்தவுடன் லேசாக மணந்து, கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓடியதும் போய்விட்டால் பயமில்லை. ஷெட் தரையில் சிந்திக் கிடந்ததைச் செருப்பில் மிதித்து ஏறினாலும் மணக்கும், கால்மிதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். உங்கள் காரில் மறுநாளும் நிற்கிறது, அதுதான் யோசனை. முதலில் டேங்க் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார். அன்று நான் தடவியபோது விளிம்பில் நகம் இறங்கும் அளவுக்கு ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. சொல்ல நினைத்தேன், சின்னவள் கையசைத்ததில் மறந்துபோனேன்.

மூடியை மாற்றிவிட்டு இரண்டு கிழமை அரை டேங்கோடு ஓடிப் பாருங்கள். அரை டேங்கில் வாடை இல்லாமல், நிறைத்தால் மட்டும் வந்தால், கசிவு டேங்கின் மேற்பக்கத்தில். அடிக்கும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயைப் பார்க்கச் சொல். பல கார்களில் டேங்குக்குள் இருக்கும் பெற்றோல் பம்பின் மூடி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும், அதன் ரப்பரும் காய்ந்து வெடிக்கும். கராஜ் பாஸ் எடுத்த எடுப்பில் கனிஸ்டரை மாற்றச் சொன்னால் சரி என்று தலையாட்டாதே, இவற்றைப் பார்த்த பிறகு மாற்றட்டும். நிறுத்திய காருக்கு அடியில் ஈரமாகச் சொட்டினால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், பாஸை வீட்டுக்குக் கூப்பிடு.

கண்ணாடியில் தொங்கும் அந்த ஸ்ட்ரோபெரி மண டப்பாவைக் கழற்றி எறி. வாடைதான் நமக்கு எச்சரிக்கை, அதை ஏன் மூட வேண்டும்?

2022 ஞாபகம் இருக்கும். பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டைக் காட்டினால்தான் காருக்கு வாரம் 20 லீட்டர் கிடைத்த காலம். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக உன் சித்தப்பாவின் காரை வாங்கி, அவசரத்துக்கு என்று டிக்கியில் ஒரு கேன் பெற்றோலும் வைத்தேன். நானுஓயா போகும் வளைவில் கேன் சரிந்தது. வீட்டுக்கு வந்து, துடைத்த துணியை அடுப்படியில் காயப்போடப் போனேன். உன் அம்மா பறித்து வெளியே எறிந்தாள். டீசலோடு பழகிய அசட்டை எனக்கு. டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும் ஆவி விடும். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியே போதும். நுவரெலியாவில் புல் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும் விடியற்காலையிலும் அது பற்றத் தயார். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும்.

அந்த டிக்கி விரிப்பைக் கழற்றி, சவர்க்காரத்தூளில் கழுவி, அப்பச்சோடா தூவி, ஆடி மழையில் வாசல் இஸ்தோப்பில் தொங்கவிட்டேன். மூன்று கிழமை எடுத்தது. கடைசியில் டஸ்ட் தேயிலைத்தூளைத் துணியில் கட்டி டிக்கியில் போட்டேன், கொஞ்சம் இழுத்தது. அந்த மூட்டையை எடுத்து உன் அம்மா தேத்தண்ணி ஊற்றப் பார்த்தது தனிக் கதை.

உன்னிடம் இருக்கும் அந்த வாடைத் தூளை நீயும் குடிக்காதே, கொட்டிவிடு. அம்மா இன்னும் ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறாள். கார் சரியானதும் ஒரு பிடி தூளைத் தாளில் மடித்து, ஒரு இரவு டிக்கியில் வைத்து மணந்து பார். வாடை இல்லாவிட்டால் போன் பண்ணு, பஸ்ஸில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா