பெண்கள் இறுதி ஆட்டத்தையும் விளக்கு வெளிச்சத்தில் நடத்துங்கள்

எங்கள் ஊர் மின்னொளிக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும், அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. மாலை ஐந்தரை என்று நோட்டீஸில் போட்டிருந்த பெண்கள் இறுதி ஆட்டத்தை, முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி அனுப்பி மதியம் பன்னிரண்டரைக்கு மாற்றினீர்கள். ஆண்கள் ஆட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார், பரிசளிப்பு தாமதமாகக் கூடாது என்றீர்கள். மே மாதம், சிமெண்ட் கோர்ட், உச்சி வெயில். விருந்தினர் மேடைக்குத்தான் பந்தல், ஆடுகிற பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்கு ஒரு சாக்குப்படுதாகூட இல்லை.

இரண்டாவது குவார்ட்டரில் என் மகள் லே-அப்புக்கு, அதாவது ஓடிவந்து எகிறி பந்தை ரிங்கில் போட, ஏறியபோது இடிபட்டு, இரண்டு கையையும் ஊன்றி விழுந்தாள். கூடைப்பந்து ஆடுகிற பிள்ளை விழுவது புதிதில்லை, முட்டியில் தழும்பு இல்லாத பிள்ளை எங்கள் டீமில் கிடையாது. ஆனால் அன்றைக்கு அவள் விழுந்த வேகத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்தாள், காய்ந்த தோசைக்கல்லில் கை பட்டால் எப்படி எழுவோமோ அப்படி. ரெஃப்ரி இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார், யாரும் தடுக்காமல் நின்று எறிகிற வாய்ப்பு. பந்தை வாங்கினாள், கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள், மறுபடி எடுத்தாள். இரண்டும் ரிங்கில் பட்டு வெளியே போயின. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், கட்டைவிரல் மேட்டில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். அன்று ராத்திரி சோற்றை ஸ்பூனில்தான் சாப்பிட்டாள். எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போச்சேம்மா" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று புள்ளியில் தோற்றார்கள். ஜெயித்த பிள்ளைகளும் அதே வெயிலில்தான் ஆடினார்கள், நன்றாக ஆடி ஜெயித்தார்கள், அவர்களுக்கு என் வாழ்த்து. கோப்பையைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பெண்கள் இறுதி ஆட்டத்தையும் மின்னொளியில் நடத்துங்கள்.

இதையே அன்று உங்கள் குழுவில் ஒருவரிடம் நேரில் கேட்டேன். "அக்கா, பொண்ணுங்க மேட்சுக்கு ராத்திரி எட்டு மணிக்கு யாரு வந்து உட்காருவாங்க?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும், உண்மை என்று நம்பித்தான் சொன்னார். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். அவருக்கு நான் சொல்ல நினைத்து, தொண்டை அடைத்துச் சொல்லாமல் வந்த பதில் இது.

2017 ஜூலை 29, சனிக்கிழமை. பெங்களூரில் பெண்களுக்கான ஆசியக் கோப்பை கூடைப்பந்து நடந்துகொண்டிருந்தது. என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. கூடைப்பந்து என்றால் மாமா ஆடுகிற ஆட்டம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் நம் ஊரில் அவள் ராத்திரி கண் விழித்துப் பார்த்த ஆட்டமெல்லாம் உங்கள் ஆண்கள் ஆட்டம்தான். பெண்கள் ஆடி ஒன்றாவது பார்க்கட்டுமே என்று கூட்டிக்கொண்டு போனேன். இந்தியா அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. அந்தப் பிரிவில் ஜெயித்தால்தான் ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா ஆடுகிற முதல் பிரிவுக்குள் நுழைய முடியும். இறுதி ஆட்டம் கஜகஸ்தானோடு. அவர்கள் பக்கம் உயரமான பெண்கள், ரிங்கில் பட்டுத் திரும்புகிற ரீபவுண்டுக்குக் கை நீட்டினால் நம் பெண்களின் தலைக்கு மேல் கை போகிறது.

கண்டீரவா உள்ளரங்கின் மரத்தளத்தில் ஷூ தேய்கிற "க்ரீச்" சத்தம் கேட்டு என் மகள் முதலில் காதைப் பொத்திக்கொண்டாள், சிமெண்ட் கோர்ட்டில் அந்தச் சத்தம் வராது. கடைசி நிமிடங்களில் எங்களைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இவளுக்கு முன்னால் இருந்தவர்கள் மறைக்கிறார்கள் என்று நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினேன், என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. 75க்கு 73. இரண்டே புள்ளி, ஒரே ஒரு பாஸ்கெட். இந்தியா ஜெயித்தது. டீமை வழிநடத்தியவர் அனிதா பால்துரை, நம் சென்னைக்காரர், தெற்கு ரயில்வே வீராங்கனை, பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர். கூட ஆடியவர்களில் கேரளத்து ஜீனாவும் புனேயின் ஷிரின் லிமாயேயும் உண்டு. அனிதாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நம் ஊர் கோர்ட் சுவரில் எத்தனையோ பேர் படம் வரைந்து வைத்திருக்கிறீர்கள், அவர் படம் அதில் இல்லை.

அதே நாளில்தான் முதல் பிரிவு இறுதி ஆட்டமும். ஜப்பான் 74, ஆஸ்திரேலியா 73. ஒரே நாளில் இரண்டு இறுதி ஆட்டம், ஒன்று இரண்டு புள்ளியில், இன்னொன்று ஒரு புள்ளியில் முடிந்திருக்கிறது. யார் வந்து உட்காருவார்கள் என்று கேட்ட தம்பிக்கு இதைத்தான் சொல்ல ஆசைப்பட்டேன். ரிங் ஆண்களுக்கு உள்ள அதே பத்தடி உயரம். கோர்ட் அதே 28 மீட்டர். நேரம் அதே நாற்பது நிமிடம். பந்து மட்டும் ஒரு அளவு சிறியது. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும்போது வெயிலை மட்டும் ஏன் பெண்களுக்குத் தனியாக ஒதுக்குகிறீர்கள்?

2019இல் அதே பெங்களூரில் மறுபடி ஆசியக் கோப்பை நடந்தது. இந்தியா இந்த முறை முதல் பிரிவில் ஆடியது, எட்டு அணிகளில் எட்டாவதாக வந்தது. "பார்த்தியா, பொண்ணுங்க ஆட்டம் அவ்வளவுதான்" என்று அப்போது என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்கவில்லை. ஜப்பான் பெண்கள் 2013இலிருந்து 2021வரை தொடர்ந்து ஐந்து ஆசியக் கோப்பை எடுத்தார்கள், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்கள். இவ்வளவுக்கும் எதிர் டீம்கள் பலவற்றை விட உயரத்தில் குறைந்தவர்கள். ஓட்டமும் தூரத்திலிருந்து எறிகிற மூன்று புள்ளி ஷாட்டும்தான் அவர்கள் ஆயுதம். அது ஒரே நாளில் வந்துவிடுமா? சின்ன வயதிலிருந்து நல்ல தளத்தில், நல்ல நேரத்தில், பார்க்க ஆள் இருக்கிற ஆட்டங்கள் நிறைய ஆட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கிறது? பத்தாம் வகுப்பு வந்தால் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள், நானும் அப்படி நிறுத்தப்பட்டவள்தான். மிஞ்சுகிறவர்களுக்கு ஷூ வாங்க வழியில்லை, வெளியூர் போட்டிக்குப் போனால் உடை மாற்ற இடமில்லை, வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிப் படுக்கிறார்கள். ஆடி என்ன கிடைக்கும் என்று கேட்கிற அப்பாக்களுக்குக் காட்ட ரயில்வே, மின்வாரியம் என்று எண்ணி நாலு டீம்தான் இருக்கிறது. இதையெல்லாம் தாண்டி ஒரு பிள்ளை இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தால், அவளை மதிய வெயிலில் நிறுத்தி, பார்க்க ஆளே இல்லாத நேரத்தில் ஆடவிட்டு, அப்புறம் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்கிறோம். பன்னிரண்டரை மணிக்கு ஆண்கள் ஆட்டத்தை வைத்தாலும் கேலரி காலியாகத்தான் இருக்கும்.

மன்னியுங்கள், எங்கெங்கோ போய்விட்டேன். உங்களால் முடியாததை உங்களிடம் கேட்கக் கூடாது. ரயில்வே வேலையோ மரத்தளமோ நீங்கள் தர முடியாது. இத்தனை வருஷமாக வீடு வீடாக வசூல் செய்து, கைக்காசு போட்டு, ராத்திரி கோர்ட்டைக் கழுவி விடுவதிலிருந்து வெளியூர் ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது வரைக்கும் செய்கிறீர்கள். என் தம்பி ஆடி வளர்ந்த கோர்ட் அது, உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் விளக்குகள் உங்களுடையவை, கம்பத்தில் ஏற்றியாகிவிட்டது, வாடகையும் கொடுத்தாகிவிட்டது. அதை ஒன்றரை மணி நேரம் முன்னால் போட்டால் போதும்.

ஆறரைக்குப் பெண்கள் இறுதி ஆட்டம், எட்டு மணிக்கு ஆண்கள் இறுதி ஆட்டம், இரண்டும் முடிந்தபின் ஒரே மேடையில் பரிசளிப்பு. விருந்தினர் கொஞ்சம் முன்னதாக வந்து பெண்கள் ஆட்டத்தையும் பார்க்கட்டும். ஸ்கோர் போர்டும், ஷாட் எடுக்க மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் 24 விநாடிக் கடிகாரமும் அன்று பெட்டியிலேயே இருந்தன, வெயிலில் எண் தெரியாது என்றீர்கள், சரி, இருட்டில் தெரியும் அல்லவா.

அடுத்த வருஷ நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் இதைப் பேசி முடிவெடுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு என்னையும் இன்னும் நான்கைந்து அம்மாக்களையும் கூப்பிட்டால் வருகிறோம். வசூலுக்கும் வருகிறோம். நேரத்தை எழுதிவிட்டால் மட்டும் தயவுசெய்து முந்தின நாள் ராத்திரி மாற்றாதீர்கள். அவளுக்கு இன்னும் பிளஸ் டூ ஒரு வருஷம்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
பன்னிரண்டாம் எண் சட்டை போட்ட பிள்ளையின் அம்மா