எஞ்சின் இருக்கட்டும், முதலில் பிரேக்கைப் பார்

அன்பு சேகர்,

கடைசியில் ஒரு மோரிஸ் மைனர், அந்தப் பழைய பிரிட்டிஷ் கார், உன் கைக்கு வந்துவிட்டது, படித்ததும் அவ்வளவு சந்தோஷம். வீட்டில் எல்லோரும் நலம், என் வண்டியும் நலம். ஆனால் பெரிய எஞ்சின் மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

அவசரப்படாதே. இந்த வண்டியில் நீண்ட தூரம் போய் இறங்கும்போது உடம்பு அசந்து போவது வேகம் குறைவு என்பதால் இல்லை. பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோ என்று காலை இறுக்கி வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரைச்சலையும் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறோம் பார், அதுதான் காரணம். இந்தக் காரை வடிவமைத்த இஸ்ஸிகோனிஸ் 1948லேயே இதற்கு ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் (பல்சக்கரம் ஒரு பல்தண்டை நேராக நகர்த்தும் வகை) கொடுத்துவிட்டார், இணைப்புகளில் இருக்கும் புஷ்ஷும் டயரும் சரியாக இருந்தால் இன்றைக்கும் அது அருமையாகத் திரும்பும். ரேடியல் டயர் போடு, ஆனால் நான்கையும் சேர்த்தே மாற்று, பழைய வகை கிராஸ் பிளை டயரோடு கலக்காதே.

பிரேக்தான் பெரிய விஷயம். நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக், மிதிக்கும் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில் தரைக்கு அடியில் இருக்கிறது, எண்ணெய் அளவு பார்க்கவே கார்ப்பெட்டைத் தூக்கி மூடியைக் கழற்ற வேண்டும், அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. போதாததற்கு நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், எங்காவது ஒரு குழாய் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். முன்னால் டிஸ்க் பிரேக், அதோடு இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், காசு இருந்தால் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் ஒரு சர்வோ. இவை வந்த பிறகு என் வண்டியில் மலை இறங்கும்போது தோள் தளர்ந்து உட்கார முடிகிறது. பெரிய எஞ்சினை டிரம் பிரேக்கின் மேல் ஏற்றுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம் ஷாக் அப்சார்பர். முன்பக்கம் இருக்கும் லீவர் ஆர்ம் வகைதான் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் மேல் கையும்கூட, அப்படியே தூக்கி எறிந்துவிட்டு இன்றைய குழாய் வடிவ டெலஸ்கோப்பிக் மாட்ட முடியாது, பெரும்பாலும் கூடுதலாகத்தான் மாட்டுவார்கள். முதலில் அதில் எண்ணெய் இருக்கிறதா, கசிகிறதா என்று பார். பாதி வண்டிகளில் கோளாறு அங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

மின்சாரம் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும், நெரிசலில் நிற்கும்போது அதுவும் வராது, இரவில் ஹெட்லைட் மங்கும். அதற்குப் பதிலாக, மெதுவாகச் சுற்றும்போதும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போடு. ஆனால் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது, அதை நெகட்டிவ்வாக மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும், பழைய ரேடியோ இருந்தால் முன்பே கழற்றிவிடு.

சத்தத்துக்குத் தரையிலும் கதவுக்குள்ளும் பிட்டுமன் (தார்) ஷீட் ஒட்டலாம். முதலில் துருவைப் பார்த்துச் சரிசெய், கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதே, மூடினால் கதவு உள்ளுக்குள்ளேயே அழுகும். நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்று சுற்றுகிறது, காதைக் குடைவது அதுதான். உண்மையில் உனக்குத் தேவை ஐந்து கியர் பாக்ஸ். பலரும் போடும் ஃபோர்டு டைப் 9 பெட்டியில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.82, அதே வேகத்தில் சுற்று 3,300க்குப் பக்கத்தில் வந்துவிடும். சொந்த எஞ்சினோடேயே வண்டி நிம்மதியாக ஓடும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் பேர் எழுதி எடுத்து வை, நாளைக்கு யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் முடிய வேண்டும்.

கியர் பாக்ஸுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, குறிப்பாக மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் சட்டத்தை. துரு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.

உன்
ராமு