நீங்கள் தடுத்து வைத்த படத்தைப் பார்த்த பின்

அன்புள்ள பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளின் அம்மாவுக்கு,

நீங்கள் டெட்ராய்ட்டில் கண்மூடிய ஆகஸ்ட் 16 மறுபடியும் வந்திருக்கிறது. உயிரோடு இருந்தவரை நீங்கள் வெளியிட விடாத 'அமேசிங் கிரேஸ்' என்ற அந்தக் கச்சேரிப் படத்தைப் பார்ப்பதில்லை என்று இத்தனை காலம் கடைப்பிடித்த வைராக்கியத்தை இன்று விட்டுவிட்டேன்.

1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடியதையும், ஒலியையும் காட்சியையும் இணைக்க உதவும் கிளாப் பலகையை அடிக்காமல் படம் பிடித்ததால் ஒலியும் காட்சியும் பொருந்தாமல் அந்தச் சுருள்கள் முடங்கிக் கிடந்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் இரவில், பியானோவின் முன் அமர்ந்து நீங்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அப்பா அருகில் வந்து, முகத்து வியர்வையைத் துணியால் ஒற்றி எடுக்கிறார். எண்ணெய் தேய்க்க உட்கார்த்திய பிள்ளையைப் போல முகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, பாட்டை மட்டும் விடாமல் இருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு 29 வயது. அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். 1979-ல் வீட்டுக்குள் புகுந்த திருடர்களின் குண்டு பட்டு, 1984-ல் இறக்கும்வரை நினைவிழந்து கிடந்தவரும் அவர்தான். இதைத் திரையில் பார்க்கும் தெம்பு இல்லாமல்தான் தடுத்தீர்களா? பத்து வயது நிறையும் முன்பே தாயை இழந்த உங்கள் பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்க இன்னும் சில உண்டு. பலர் படிக்கும் கடிதம் என்பதால் கேட்கவில்லை.

ஆனாலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அம்மா. உங்கள் பின்னால் நின்று உயிரைக் கொடுத்துப் பாடிய குழுவினர் தங்கள் இளமையைத் திரையில் காண, 2015-ல் நீங்கள் பெற்ற நீதிமன்றத் தடை தீரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அவர்களுக்காகவாவது மனமிறங்கியிருக்கலாம்.

இப்படி எழுதும்போதே, கேட்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. 1967-ல் நீங்கள் பாடிய 'ரெஸ்பெக்ட்' அமெரிக்க வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும், அதை எழுதிய ஓடிஸ் ரெட்டிங் தரப்புக்குத்தான் பணம். பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது என்பதே அந்நாட்டுச் சட்டம். மேடையேறும் முன்பே பணத்தை வாங்கிக் கைப்பையில் வைத்து, அந்தப் பையைப் பார்வையிலேயே வைத்துக்கொண்டு பாடிய நீங்கள், தன் அனுமதியின்றித் தன் படத்தைக் காட்டாதே என்றதில் என்ன பிழை?

மன்னியுங்கள் என்று மட்டும் எழுத மனம் வரவில்லை. உங்கள் குடும்பத்தார் சம்மதித்த பிறகே 2018-ல் படம் வெளிவந்தது. நான் திருட்டுப் பிரதியில் பார்க்கவில்லை, காசு கொடுத்துத்தான் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகை